புல்லுக்கட்டு வேலியைத் தாண்டிய அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் முழுக்க உன்னை ‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன். கோபப்படாதே. வீட்டில் உன்னை ‘நீங்கள்’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட ‘அம்மா’ என்று கூப்பிட்டதுதான் அதிகம். ‘தண்ணி கொண்டாம்மா’, ‘பரீட்சை எப்பம்மா’, ‘அம்மாட்ட சொல்லிராதம்மா’. கடைசியாகச் சொன்னதைத்தான் நீ ரொம்ப அடிக்கடி சொல்வாய். எந்த அம்மாவும் மகனுக்கு ‘நீங்கள்’ என்று எழுதுவதில்லை, அதனால் நானும் எழுதப்போவதில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், நாற்பது வயதைத் தாண்டிய மனிதருக்குப் புத்திமதி சொல்வது முறையா என்று நீ கேட்கலாம். முறை இல்லைதான். ஆனால் இந்த வீட்டில் யார் பெரியவர், யார் பிள்ளை என்பது போன மாதமே முடிவாகிவிட்டது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டப்போகிறேன். அம்மாவுக்கு இந்த வாரம் கிளினிக்கில் காலை டியூட்டி. வியாழக்கிழமை அவள் மத்தியானமே வந்துவிடுவாள். நீ பாலைவனத்து லாயத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு அஜ்மானில் நம் வீட்டுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். அதாவது, உனக்கு முன்னால் அவள் படித்திருப்பாள். தெரிந்தேதான் செய்கிறேன். உன்னிடம் தனியாகச் சொன்னால் நீ சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் குதிரைமேல் ஏறிவிடுவாய்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை நீ பந்தயத்தில் ஓடக்கூடாது. ஓடப்போவதாக உன்னோடு லாயத்தில் வேலை செய்யும் செல்வம் அண்ணன் போனில் சொல்லிவிட்டார். நீ பழக்கிய குதிரை நஜ்மாவைப் பந்தயத்தில் வழக்கமாக ஓட்டும் ராஜஸ்தான்காரர் திடீரென்று லீவில் ஊருக்குப் போய்விட்டதால், உங்கள் பயிற்சியாளர் கான் பாய் உன்னைக் கேட்டாராம். நீயும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாயாம். யோசிக்க உனக்கு என்ன இருக்கிறது? இடது முழங்கால் ஒன்றுதானே இருக்கிறது, அதுவும் வீங்கிப்போய்.

உனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ இப்போது நெற்றியைச் சுருக்குவாய். வரிசையாகச் சொல்கிறேன். முதலில் சந்தேகம் வந்தது அந்தப் பயிற்சி ஓட்டத்தின்போது. பள்ளி விடுமுறை என்று என்னையும் கூட்டிப்போனாயே, அன்றைக்கு. எனக்கு அந்த நாள் எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? புத்தகத்தில் படித்த குதிரைப் பந்தயம் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும். இங்கே நடப்பது பாலைவனத்தில் பகல் முழுக்க ஓடும் நெடுந்தூரப் பந்தயம். ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து நான் தண்ணீர் பாட்டிலை நீட்ட, குதிரைமேல் இருந்தவர்கள் ஓட்டம் குறையாமலே அதைப் பிடுங்கி, தாங்கள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் குதிரையின் கழுத்தில் ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலை மணலில் வீசிக்கொண்டே போனார்கள். ஜீப்பை ஓட்டியவர் ‘யல்லா, யல்லா’ என்று அரபியில் விரட்டிக் கத்திக்கொண்டே இருந்தார். குதிரைகளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரையை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நீதான் எனக்கு விளக்கிச் சொன்னாய். ஐஸ் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, இதயத் துடிப்பு அடங்கியதும் கூட்டிப்போவீர்கள். டாக்டர் துடிப்பை எண்ணுவார், ஈறை அழுத்திப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். பிறகு கெட்டியான தரையில் ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட, குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பார். அப்போது நீ என் காதில் சொன்னாய்: “காலப் பாக்காதம்மா, தலயப் பாரு. வலிக்கிற கால் தரையில படும்போது குதிர தலையத் தூக்கும். வலியில்லாத கால் படும்போது இறக்கும். எந்தக் குதிரையும் அத மறைக்க முடியாது.” நான் அதை மனத்தில் எழுதிக்கொண்டேன். நீ சொன்ன வாய் மூடுவதற்குள் நஜ்மாவின் முறை வந்தது, நீயே கயிற்றைப் பிடித்து ஓடினாய்.

அந்த வெள்ளைக்கார டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். “அகெய்ன் ப்ளீஸ்” என்றார். நீ திரும்பவும் ஓடினாய். அவர் குனிந்து பார்த்தார், பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டரிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் நஜ்மாவைப் பார்த்தார்கள், பிறகு உன்னைப் பார்த்தார்கள். “ஹார்ஸ் ஓகே. சேஞ்ச் தி மேன்” என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பங்களாதேஷ்காரர்கள், சூடான்காரர், போலீஸ்காரர்கூடச் சிரித்தார். செல்வம் அண்ணன் ஓடிவந்து கயிற்றை வாங்கி நஜ்மாவை ஓட்டினார். அவள் மணி மாதிரி ஓடினாள். நீயும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாய். நான் கேட்டபோது, “மணல்ல கால் பொதஞ்சிட்டும்மா, வேற ஒண்ணுமில்ல” என்றாய். அப்பா, அது சிமெண்ட் தரை.

நீ வாளியை எடுக்கப் போன நேரத்தில் செல்வம் அண்ணனிடம் கேட்டேன். அவரும் முதலில் மழுப்பினார். “நான் சொன்னேன்னு சொல்லிராத பாப்பா” என்று ஆரம்பித்தார். யாராவது இப்படி ஆரம்பித்தால் முழுக்கச் சொல்லாமல் நிறுத்தமாட்டார்கள். “ரூம்ல டிவி பாத்துட்டு இருந்தோம். இங்கிலாந்துல வேலி தாண்டி ஓடுற ரேஸு. ஒவ்வொரு குதிரையும் ஆள் உசரத்துக்குச் செடிவேலியத் தாண்டுது. உங்கப்பா, ‘இது என்னலே பெரிய வித்த, மெட்ராஸ்ல நான் பாக்காத வேலியா’ன்னாரு. நாங்களும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, ‘எங்க, நீங்க தாண்டுங்கண்ணே பாப்போம்’னுட்டோம். புல்லுக்கட்ட எடுத்து வரிசையா அடுக்குனாரு. கிழட்டுச் சுல்தான் மேல ஏறி வந்தாரு பாரு, என்னா வேகங்கிற! சுல்தான் கட்டுக்கு முன்னாடி வந்து டக்குனு நின்னுருச்சு.” இங்கே செல்வம் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். “உங்கப்பா நிக்கல பாப்பா. அவர் மட்டும் தாண்டிட்டாரு.”

நானும் சிரித்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மெட்ராஸில் எந்த வேலியை நீ பார்த்தாய்? கிண்டி லாயத்தில் நீ சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்ததும், தூத்துக்குடிப் பையன் ஒல்லியாக இருக்கிறானே என்று குதிரைமேல் ஏற்றிவிட்டதும் எனக்கு மனப்பாடம். அந்தக் கதை எதிலும் வேலி கிடையாது. சமதரையில் ஓடிய கதைகள்தான் எல்லாம். டிவியில் பார்த்ததை உடனே செய்து பார்ப்பது ஐந்து வயதுப் பிள்ளை செய்கிற காரியம். ஐந்து வயதுப் பிள்ளையாவது விழுந்தால் அழும். நீ எழுந்து மணலைத் தட்டிவிட்டு, யாருக்கும் சொல்லாமல், மறுநாள் காலையில் நஜ்மாமேல் ஏறிப் பயிற்சிக்குப் போய்விட்டாய்.

எனக்கு எது பொறுக்கவில்லை என்றால், இதே காரியத்தை நீ ஏற்கெனவே ஒரு முறை செய்து, பிடிபட்டு, சத்தியமும் செய்திருக்கிறாய். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது உனக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. லாயக் கதவு இடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாய். அவள் எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மிகவும் மெதுவான குரலில் சொன்னாள்: “கதவு இடிச்சா இந்த எடத்துல ஒடியாது. குதிரையில இருந்து விழுந்திருக்கிய. நான் ஒண்ணும் நேத்து நர்ஸாகல, பாத்துக்கிடுங்க.” அவள் கத்தியிருந்தால் நீ பயந்திருக்கமாட்டாய். “விழுகிறது தொழில். அத நான் ஒண்ணும் சொல்லல. மறைக்கியல்லா, அதத்தான் சொல்லுதேன். உள்ள ரத்தம் கசிஞ்சா யாருக்குத் தெரியும்? என் வார்டுல அப்படி வந்தவுகள நான் பாத்திருக்கேன்” என்றாள். இனிமேல் விழுந்தால் முதலில் அவளிடம்தான் சொல்வதாகச் சத்தியம் செய்தாய். எதன்மேல் செய்தாய்? என் தலைமேல் கை வைத்துச் செய்தாய். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன், என்னைக் கேட்கக்கூட இல்லை. என் தலையை ஏன் நடுவில் இழுக்கிறாய்?

அந்தப் பயிற்சி ஓட்டத்துக்குப் பிறகு நான் உன்னைக் கவனிக்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசையில் எல்லாரும் முழங்காலிட்டபோது நீ நின்றுகொண்டே இருந்தாய். “ஒங்க அப்பா ஏன் முட்டுப் போடல?” என்று அம்மா என்னிடம் கேட்டாள். நீ முந்திக்கொண்டு “கூட்டம்லா” என்றாய். உனக்கு முன்னால் ஒரு குடும்பமே உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. நம் கட்டிடத்தில் லிஃப்ட் பழுதான அன்று, ‘நீங்க முன்னால போங்க, நான் கடையில பால் வாங்கிட்டு வாரேன்’ என்று கீழேயே தங்கிவிட்டாய். பால் வாங்கவும் இல்லை. பார்க்கிங்கில் நீ காரை நோக்கி நடந்து போகும்போது நான் பால்கனியிலிருந்து உன் தலையைப் பார்த்தேன். தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி. இடது கால். எந்தக் குதிரையும் அதை மறைக்க முடியாது என்று நீதானே சொன்னாய்?

இவ்வளவும் தெரிந்தும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நீயே சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். நீ சனிக்கிழமை ஓடப்போகிறாய் என்று கேட்டபிறகும்கூட இத்தனை நாள் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் உனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் எழுந்து குதிரைகளைப் பழக்குவது நீ. பந்தயத்தன்று நம்பர் துணியைக் கட்டிக்கொண்டு ஏறுவது வேறொருவர். நஜ்மா வந்த புதிதில் காதைத் தொடவிடமாட்டாள், கயிற்றைக் கண்டால் நடுங்குவாள் என்று நீ சொல்லியிருக்கிறாய். தினமும் அவள் கொட்டடிக்கு வெளியே சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்தே அவளைப் பழக்கினாய். போன வெள்ளிக்கிழமை எங்களை லாயத்துக்குக் கூட்டிப்போய் அந்த நம்பர் துணியை விரித்துக் காட்டினாயே, அப்போது உன் முகத்தைப் பார்த்த எனக்கு எதுவுமே சொல்ல வரவில்லை. அம்மா காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வாசம் வரும், நான் வரல. அந்தக் குதிரைக்கு என் சலாம் சொல்லுங்க” என்றாள். நீ உள்ளே போய் நஜ்மாவிடம் உண்மையாகவே சொன்னாய்.

அப்போது நான் அவள் முதுகைத் தடவினேன். இடது பக்கம் தடவினால் கண்ணை மூடிக்கொண்டாள். வலது பக்கம், சேணம் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் விரல் பட்டதும் முதுகைத் தாழ்த்தினாள், காதை மடக்கினாள். ஈ கடித்திருக்கும் என்று நினைத்தேன். நீ நம்பர் துணியை மடித்துக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை.

இந்த வாரம் பள்ளி நூலகத்தில் குதிரைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்தேன். நூலக மிஸ், “உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இல்லையா?” என்று கேட்டார். அதில் ஒரு பக்கத்தில் படம் போட்டு எழுதியிருந்தது. சவாரி செய்பவருக்கு ஒரு காலில் வலி இருந்தால் அந்தப் பக்கத்துக் கால் வளையத்தில் அழுத்தி மிதிக்கமாட்டார். அவருக்கே தெரியாமல் மறுபக்கம் சாய்ந்து உட்காருவார். நாள்கணக்கில் அப்படி உட்கார்ந்தால் அவர் சாய்கிற பக்கம் குதிரையின் முதுகு புண்படும். நான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். உன் இடது முழங்கால். அவளுடைய வலது முதுகு.

இப்போது புரிகிறதா, நான் ஏன் இவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன் என்று? உன் முழங்காலுக்காக மட்டும் சொன்னால் நீ கேட்கமாட்டாய். எந்தக் குதிரைக்கு எங்கே வலிக்கிறது என்று தூரத்தில் நின்றே சொல்லும் ஆள் நீ. தினமும் அவள்மேலேயே உட்கார்ந்திருந்து இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாய். கவனித்தால் உன் காலையும் கவனிக்க வேண்டிவரும், அதனால்தான் விட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமை முதல் சுற்று முடிந்ததும் அந்த டாக்டரம்மா நஜ்மாவின் முதுகில் விரல் வைப்பார். அவள் தாழ்த்துவாள். அவ்வளவுதான், கலாஸ். ஒருவேளை டாக்டர் கவனிக்காமல் விட்டால் அது இன்னும் மோசம். மிச்சச் சுற்று முழுக்க அவள் அந்த வலியோடு உன்னைச் சுமந்து ஓடுவாள்.

குதிரைக்குச் சுற்றுக்கு ஒரு டாக்டர் வைத்திருக்கிறீர்கள். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஆளை ஓடவிட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை. அதனால் நானே பார்க்கப்போகிறேன். வியாழக்கிழமை நீ வந்ததும், மாடிக்கு வராதே. கீழே குரோசரிக் கடை வாசலிலிருந்து குப்பைத் தொட்டி வரைக்கும், பிறகு திரும்பி என்னை நோக்கி ஓடு. தார்த் தரை, மணல் என்று சாக்குச் சொல்ல முடியாது. உன் தலை ஆடவில்லை என்றால் இந்தக் கடிதத்தை நானே கிழித்துவிடுகிறேன். ஆடினால், அங்கேயே நின்று கான் பாய்க்குப் போன் செய்ய வேண்டும்.

கடிதத்தை இங்கேயே முடித்துத்தான், வியாழக்கிழமை காலையில் அம்மா டியூட்டிக்குப் போனபிறகு ஃபிரிட்ஜில் மாட்டினேன். ஆனால் நீ என்ன செய்தாய் என்பதையும் எழுதாமல் விட்டால், நாளைக்கு நீ வேறு மாதிரி கதை சொல்வாய். அதனால் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மா மத்தியானமே படித்துவிட்டாள். சாயங்காலம் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கீழே இறங்கிவந்து, என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீ காரைவிட்டு இறங்கினாய், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாய், காரிலேயே திரும்ப ஏறிவிடலாமா என்று யோசித்தாய். நான் பார்த்தேன். “என்னம்மா, ரெண்டு பேரும் வரவேற்பா?” என்றாய்.

“ஓடுங்க” என்றாள் அம்மா.

“எங்க?”

“குப்பத் தொட்டி வரைக்கும். லாயத்துல குதிரைய ஓடவிட்டுப் பாக்கியல்லா? ஓடுங்க, நாங்களும் பாக்கோம்.”

நீ ஓடினாய். கழுத்தை விறைப்பாக்கி, தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதுபோல அசையாமல் வைத்துக்கொண்டு ஓடினாய். ஏமாற்றுக்காரா! கடை வாசலில் நின்ற மலையாளி, “எந்தா சேட்டா, ஜாகிங்கா?” என்று கேட்டார். நீ திரும்பி வந்ததும் நான் “அகெய்ன் ப்ளீஸ்” என்றேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடியதில் கழுத்தை மறந்துவிட்டாய். தலை தூக்கியது, இறங்கியது, தூக்கியது, இறங்கியது. அம்மாகூடப் பார்த்துவிட்டாள்.

“நான் பாஸா ஃபெயிலாம்மா?” என்று கேட்டாய். மூச்சு வாங்கியது உனக்கு.

“ஃபெயில்” என்றேன். “நஜ்மா முதுகு, வலது பக்கம், சேணத்துக்குப் பின்னால. நீயே தொட்டுப் பாத்தியா?”

நீ கையைத் தூக்கி, காற்றில், அவள் முதுகு இருக்கும் உயரத்தில் வைத்து, வலது பக்கமாக மெதுவாக நகர்த்தினாய். ஏதோ ஒரு காலை நேரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். உன் முகம் சுருங்கிவிட்டது. பிறகு போனை எடுத்தாய். கான் பாயிடம் இந்தியில் சொன்னாய்: நஜ்மாவுக்கு முதுகு வலி, சனிக்கிழமை மாஃபி, ஓடமாட்டாள். அவர் அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. “அச்சா பாய், அச்சா பாய்” என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய். உன் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “உங்க காலைப் பத்திச் சொல்லவே இல்லையே! இப்பவும் மறைக்கிறீங்களே!” என்று கத்தினேன். கோபத்தில் ‘நீங்கள்’ வந்துவிட்டது. நீ போனைப் பையில் போட்டுக்கொண்டு, “கால்னு சொன்னா அவளுக்கு வேற ஆள் போடுவாரும்மா. வேற ஆள் ஏறினா அவ ஓடணும்லா” என்றாய். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதை நான் யோசிக்கவே இல்லை.

“சரி, அவளுக்கு லீவு வாங்கியாச்சு” என்றாள் அம்மா. “நாளைக்கு என்கூட கிளினிக்குக்கு வாரிய. படம் எடுத்துட்டு, கால் பத்தியும் அந்த கான் பாய்க்கு நீங்களே சொல்லுதிய. அதுவரைக்கும் இந்தக் கடிதம் ஃபிரிட்ஜிலயே இருக்கும்.”

லிஃப்ட் வேலை செய்யவில்லை. இந்த முறை நீ பால் வாங்கப் போகவில்லை. படியில் ஏறத் தொடங்கியதும் மறைப்பதை விட்டுவிட்டாய். ஒவ்வொரு படிக்கும் உன் தலை ஆடியது, ஒரு கை கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தது. பாதி வழியில் இன்னொரு கையை என் தலைமேல் வைத்தாய். மறுபடியும் ஏதோ சத்தியம் செய்யப்போகிறாய் என்று பயந்துபோனேன். நீயோ உன் பாரத்தை அந்தக் கையில் போட்டு, அடுத்த படியில் காலை வைத்தாய்.

இப்படிக்கு,
நீ ‘அம்மா’ என்று கூப்பிடுகிறவள்